தேன் நிறைந்த பெட்டியில் புழு ஏன் வாடுகிறது?

கித்தா (ரப்பர்) மரம் இலையுதிர்த்துத் தளிர்விடும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் தேனீப் பெட்டி கனக்கும். ஆனால் புழு அடை வறண்டு, கூட்டம் மெலியும். தேன்தான் நிறைய இருக்கிறதே என்று விட்டுவிடுபவர்கள் அதிகம்.

கித்தாத் தேன் பெரும்பாலும் பூவில் ஊறுவதில்லை. மூன்று சிற்றிலைகள் காம்போடு சேரும் இடத்துச் சுரப்பிகளில் ஊறுகிறது. அதில் மகரந்தம் கிடையாது. புழுவுக்கு ஊட்டும் செவிலித் தேனீக்கோ மகரந்தம்தான் உயிர். இத்தாலியத் தேனீயில் பிறந்து ஐந்தாறு நாளிலிருந்து ஏறக்குறைய இரண்டு வாரம்வரை, தலைக்குள் கொத்துக்கொத்தாக இருக்கும் சுரப்பிகள் மகரந்தப் புரதத்தைக் கூழாக மாற்றுகின்றன. மகரந்தம் நின்றால் சுரப்பி சுருங்கும், கூழ் குறையும், பிறகு செவிலிகளே இளம்புழுக்களைத் தின்று புரதத்தை மீட்டுக்கொள்ளும். முட்டை இருந்தும் புழு இல்லாத அடைக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். இராணியைக் குறைசொல்ல வேண்டாம்.

வெயில் முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்று, அடை கட்டியிருக்கும் சட்டத்தைச் சாய்த்துப் பாருங்கள். ஒன்றிரண்டு நாள் புழு வெண்கூழில் மிதக்க வேண்டும். புழு இருக்கும் அறையின் அடி காய்ந்திருந்தால் மகரந்தப் பஞ்சம். சட்டத்தை வெளியே அதிக நேரம் வைத்திருக்காதீர்கள். புழுவுக்கு 34, 35 பாகை சூடு வேண்டும்.

தேனீயின் வேலை வயதைப் பொறுத்து மாறுகிறது என்று 1920களில் ரோஷ் என்ற ஆய்வாளர் காட்டினார். ஆனால் அந்த வரிசை வளையும். வெளிவேலைத் தேனீக்கள் எத்தில் ஓலியேட் என்ற பொருளைச் சுமக்கின்றன. அது இளையவை வெளியே போவதைத் தாமதப்படுத்துகிறது என்று 2004இல் தெரியவந்தது. தோட்டத்தில் மருந்தடித்து வெளிவேலைக்காரர்கள் செத்தால் செவிலிகள் முன்னதாகவே பறக்கப் போய்விடும், புழு பட்டினி. செவிலிகள் குறைந்தால் வயதான சில தேனீக்கள் மறுபடி செவிலி ஆகும். 2012இல் வந்த ஆய்வில், அப்படித் திரும்பும்போது மூளை மரபணுக்களின் மேலுள்ள மெத்தில் அடையாளங்களும் (மரபணுவின் வேலையை மாற்றக்கூடிய சிறு வேதிக்குறிகள்) திரும்பி மாறின. எனக்கு இந்தத் துறையில் மிகவும் வியப்பானது இதுதான்.

பஞ்சத்துக்குக் கொழுப்பு நீக்கி வறுத்த சோயா மாவு 3 பங்கு, உயிரற்ற மதுத்தயாரிப்பு ஈஸ்ட் (ப்ரூவர்ஸ் ஈஸ்ட்) 1 பங்கு எடுத்து, சீனி 2, தண்ணீர் 1 என்று காய்ச்சிய பாகில் பூரிமாவுப் பதமாகப் பிசையுங்கள். பச்சை சோயா செரிக்காது. ரொட்டிக்குப் போடும் உயிருள்ள ஈஸ்ட்டும் ஆகாது. பால்மாவின் சர்க்கரை தேனீக்கு ஒத்துவராது. மெல்லிய வில்லையாகத் தட்டிப் புழுச் சட்டங்களின் மேலேயே வையுங்கள், ஏனென்றால் செவிலி புழுவைவிட்டு அதிகம் நகராது. மூன்று நாளில் தீரும் அளவே போதும். நம் ஈரத்துக்கு மீதி பூசணம் பிடிக்கும். பெட்டிக்காலை எண்ணெய்க் கிண்ணத்தில் நிறுத்தாவிட்டால் எறும்பு முதலில் சாப்பிடும்.

அதைவிட நல்லது இடத்தேர்வு. செம்பனையின் (எண்ணெய்ப் பனை) ஆண்பூங்கொத்தில் மகரந்தம் உண்டு, தென்னை ஆண்டு முழுதும் பூக்கும். கித்தாவும் செம்பனையும் சேரும் ஓரத்தில், வீட்டுத் தென்னை அருகே பெட்டியை வையுங்கள்.

மெலிந்த கூட்டத்துக்குச் செவிலி சேர்க்க, வெளிவேலைக்காரர்கள் போயிருக்கும் நடுப்பகலில் வலுத்த கூட்டத்தின் திறந்த (மெழுகால் மூடாத) புழுச் சட்டத்தை மெதுவாக உலுக்குங்கள். முதியவை பறந்துவிடும். ஒட்டிக்கொண்டிருப்பவை பெரும்பாலும் செவிலிகள், சட்டத்தோடு அவற்றை மெலிந்த பெட்டிக்கு மாற்றுங்கள். அந்தச் சட்டத்தில் இராணி இல்லை என்று முதலில் உறுதி செய்யுங்கள். நம் நாட்டுத் தேனீ லேசாகப் பதறினாலும் கூட்டைவிட்டே போய்விடும். ஒரு பெட்டிக்கு ஒரு சட்டத்தோடு நிறுத்துங்கள்.