செவலையும் இரண்டு கதவும்

ஆவணி மாதக் கோயில் கொடைக்கு ஊருக்கு வந்திருந்த தங்கச்சி மகளை எங்கள் நாய் கடித்துவிட்டது. பிள்ளைக்கு ஐந்து வயது. வலது முன்கையில் இரண்டு பல் இறங்கியிருந்தது. அன்று ராத்திரி தொடங்கி நான்கு மாதம் எங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான். செவலையை என்ன செய்வது?

எங்கள் ஊர் கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கம். மூன்று வருடத்துக்கு முன்னால் செவலை கன்னடியன் கால்வாய்க் கரையில் கிடந்தான். வாழைக்குள் இறங்குகிற காட்டுப்பன்றிக்கு யாரோ வைத்த கம்பிக் கண்ணி கழுத்தில் இறுக்கி, சதைக்குள் போயிருந்தது. சாக்கைப் போட்டு அமுக்கி, கம்பியை வெட்டி எடுத்து, புழு எடுத்து, மஞ்சள் காமாலை வந்த பிள்ளையைப் பார்ப்பது மாதிரி அம்மா பார்த்தாள். தேறியதும் அம்மாவின் காலடியை விட்டு நகரவே மாட்டான். அவள் ஆற்றுக்குக் குளிக்கப் போனால் படித்துறையில் சேலைக்குக் காவல் இருப்பான். எங்கள் மேல் அவ்வளவு பிரியம் உள்ள நாய்தான் சிலிண்டர் கொண்டுவந்த அண்ணாச்சியின் கையைக் கவ்வினான், பக்கத்து வீட்டுச் சித்தியின் சேலையைக் கிழித்தான். தோல் கிழியவில்லை என்பதால் ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்டுவிட்டு இருந்துவிட்டோம். அது எங்கள் தப்பு.

பிள்ளை கடிபட்டதும் குழாயைத் திறந்து சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினோம். மஞ்சள் வை, சுண்ணாம்பு வை என்று வந்தவர்களை என் மனைவி கிட்டவே விடவில்லை. நேரே பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி. பல் தோலைத் தாண்டி இறங்கியிருந்ததால் தடுப்பூசி மட்டும் போதாது என்று காயத்தைச் சுற்றியே வெறிநோய் எதிர்ப்புச் சீரம் போட்டார்கள். தடுப்பூசி அன்றைக்கு, அப்புறம் 3, 7, 28-ஆம் நாள். செவலைக்கு வெறிநாய்த் தடுப்பூசி தவறாமல் போட்டு அட்டை வைத்திருந்தோம். இருந்தாலும் அவனைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்கச் சொன்னார்கள். கடிக்கும்போது எச்சிலில் வெறிநோய்க் கிருமி இருந்திருந்தால் பத்து நாளுக்குள் நாயிடம் நோய் தெரிந்துவிடும், பெரும்பாலும் செத்தும் போகும் என்பது கணக்கு. அந்தப் பத்து நாளும் அம்மா விடியுமுன் எழுந்து போய் அவன் தண்ணீர் குடிக்கிறானா என்று பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஊரில் ஆளுக்கொரு யோசனை. "ஏல, ஆத்துக்கு அந்தப் பக்கம் கொண்டு விட்டுரு." "வடையில மருந்து வச்சிரு, ஒரே ராத்திரியில முடிஞ்சிரும்." வளர்த்த நாயைத் தெருவில் விடுவது 1960-ஆம் வருடத்து மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம். மருந்து வைப்பது அதைவிடப் பெரிய குற்றம். சட்டத்தை விடுங்கள், ஆற்றுக்கு அந்தப் பக்கமும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற பாதைதானே?

மச்சானுக்குக் களக்காட்டுப் பக்கம் வாழைத்தோட்டம். காவலுக்கு நாய் வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தார். கடித்த விஷயத்தைச் சொல்லாமல் கொடுத்துவிடலாம் என்று இரண்டு நாள் நினைத்தேன். மூன்றாம் நாள் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "மாப்ளே, தோட்டத்துக்குப் பத்து பொம்பளையாளு வேலைக்கு வாராவ. அவ்வொளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்றார். சொல்லாமல் கொடுத்திருந்தால் அடுத்த கடி என் கணக்கில்தான் வந்திருக்கும்.

பத்து நாள் கழிந்ததும் லோடு ஆட்டோவில் ஏற்றி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த டாக்டரம்மா நாயைத் தொடுவதற்கு முன்னால் எங்களிடம் முக்கால் மணி நேரம் பேசினார். இதுவரை கடித்தது, கடிக்கப் பாய்ந்தது எல்லாவற்றையும் எழுதச் சொன்னார். யார், எந்த இடம், கை எந்தப் பக்கமிருந்து வந்தது, அவன் தின்றுகொண்டிருந்தானா, அன்றைக்கு வெடிச் சத்தம் உண்டா. மனைவியும் நானும் யோசித்து யோசித்துப் பதினொன்று எழுதினோம். அதில் எட்டுத் தடவை கை வந்தது இடது பக்கத் தலைக்கு மேலே. அந்தப் பதினொன்றைக் காகிதத்தில் பார்த்தபோதுதான், நாய் திடீர் திடீரென்று கடிக்கிறது என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது உண்மையில்லை என்று தெரிந்தது.

மயக்க மருந்து கொடுத்துப் பார்த்தால், இடது காதுக்குள் நாள்பட்ட சீழ். காது மடலைத் தூக்கினாலே வலித்திருக்கும். கொடை நடந்த இரண்டு ராத்திரியும் நையாண்டி மேளம், வேட்டு. அவன் தூங்கவே இல்லை. மூன்றாம் நாள் காலையில் படையல் சோறு தின்றுகொண்டிருந்தவனைப் பிள்ளை ஆசையாகக் காதோடு சேர்த்துக் கட்டிப்பிடித்திருக்கிறாள்.

"உறும மாட்டானா?" என்று டாக்டரம்மா கேட்டார். முன்பெல்லாம் உறுமுவான், நாங்கள்தான் அடித்து நிறுத்தினோம் என்றேன். உறுமல் என்பது 'தள்ளிப் போ' என்று நாய் சொல்கிற சொல். அதை அடித்து அடக்கினால் பயம் போகாது, சொல்லுவது மட்டும் நின்றுபோகும், அப்புறம் நேரே பல்தான் என்றார். விளக்குமாற்றை ஓங்கினவன் நான். பிள்ளையின் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் அது ஞாபகம் வருகிறது.

ஊசி போட்டு முடித்துவிடுவதைப் பற்றியும் பேசினோம். கேட்கவே கூசினேன். அவராகவே எடுத்தார். காரணம் தெரியாத கடி, எலும்பு வரை போகிற கடி, விடாமல் திரும்பத் திரும்பக் கடிப்பது, அல்லது வீட்டில் இருப்பவர்களால் காவந்து பண்ண முடியாத நிலைமை, இப்படியானால் அதையும் யோசிக்கத்தான் வேண்டும், அதைச் செய்கிறவர்கள் பாசமில்லாதவர்கள் இல்லை என்றார். செவலைக்குக் காரணம் தெரிகிறது, கவ்வியதும் விட்டுவிடுகிறான், வீட்டில் சின்னப் பிள்ளை கிடையாது. ஆனால் காது ஆறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள், கடிக்கப் பழகின நாய் மறக்காது என்றும் சேர்த்துச் சொன்னார். காயடித்தால் சாந்தமாகிவிடுவான் என்று ஊரில் சொன்னதைக் கேட்டேன். இனப்பெருக்கத்தைத் தடுக்க அது நல்லது, பயத்தில் கடிப்பதை அது தீர்க்கும் என்று சொல்ல முடியாது என்றார்.

காதுக்கு ஆறு வாரம் மருந்து. கடிக்காமல் இருக்க வாயில் மாட்டுகிற வாய்க்கூடு பழக்க ஒரு மாதம். கூடைக்குள் கருவாட்டுத் துண்டு வைத்து, அவனாக மூக்கை நுழைக்கும் வரை நாங்கள் தொடவில்லை. அவன் நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் இருக்கிற கூடைதான் வேண்டும், வாயை இறுக்கிக் கட்டுகிற துணிப்பட்டை எங்கள் ஊர் வெயிலுக்கு ஆகவே ஆகாது. பின்கட்டில் கம்பிக் கதவு ஒன்று, அதற்கு முன்னால் மரக்கதவு ஒன்று. ஒன்றைத் திறக்கும்போது இன்னொன்று சாத்தியிருக்க வேண்டும். இதை வீட்டில் ஒருத்தர் தவறவிட்டாலும் பிரயோசனமில்லை என்பதால், அம்மா சரி என்று சொன்ன பிறகுதான் அவனை வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தோம்.

மனைவி ஒரு நிபந்தனை வைத்தாள். இவ்வளவுக்கும் பிறகு ஒரு தடவை தோல் கிழிந்தாலும், ஊசிதான். அழுதுகொண்டேதான் சொன்னாள். அந்தப் பதினொன்றுக்குக் கீழே அதையும் எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம்.

இந்த வருடக் கொடைக்கு இரண்டு நாள் முன்னாலேயே செவலையைப் பின்கட்டு உள்ளறையில் விட்டு, ஜன்னலுக்குச் சாக்குக் கட்டி, ராத்திரி முழுக்க நான் கூடப் படுத்துக்கொண்டேன். தங்கச்சி வந்தாள். முன்பு மாதிரி எங்கள் வீட்டில் தங்கவில்லை, சித்தி வீட்டில்தான் தங்கினாள். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. மருமகள் மட்டும் மத்தியானம் சாப்பிட வந்தவள், மரக்கதவைப் பார்த்து, "மாமா, செவலைக்குக் காது இப்பவும் வலிக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மா இடது கையால் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். சாவி அங்கேதான் இருந்தது.