ஐ.சி.யூ.வில் ஒரு ஈஸ்ட்: ஆய்வகக் குறிப்புகள்

மார்ச் 3, 2025, திங்கள்

ஐ.சி.யூ. நோயாளி ஒருவரின் இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பாட்டில் விடியற்காலையில் பாசிட்டிவ் காட்டியிருந்தது. கிராம் சாயமிட்டுப் பார்த்தபோது, மொட்டு விடும் முட்டை வடிவ ஈஸ்ட் செல்கள் மட்டுமே தெரிந்தன. கணைய அழற்சிக்கு அறுவை சிகிச்சை ஆகி, வாரக்கணக்கில் மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக்கும் சிரை வழி உணவும் பெற்று, கழுத்தில் சென்ட்ரல் லைனோடு (பெரிய சிரைக்குள் செல்லும் குழாய்) இருப்பவருக்குக் கேண்டிடா என்ற ஈஸ்ட் வகை வருவது எதிர்பாராததல்ல. ஆனால் அவருக்குத் தடுப்பு மருந்தாக ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்து ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது. அதையும் மீறி இரத்தத்தில் ஏறிய ஈஸ்ட்டுக்கு அதே மருந்தின் அளவைக் கூட்டிப் பயனில்லை.

பெயர் தெரியும்வரை காத்திருக்காமல் வேறு வகைப் பூஞ்சை மருந்தான கேஸ்போஃபஞ்சினை முதல் நாள் 70 மி.கி., மறுநாளிலிருந்து 50 மி.கி. எனத் தொடங்கும்படி தொலைபேசியில் சொன்னேன். "லைனை எடுத்துடலாமா மேடம்?" என்று கேட்டார் பணியிலிருந்த மருத்துவர். இன்றே எடுத்துவிடச் சொன்னேன். குழாயின் உட்சுவரில் படலமாகப் படிந்த பூஞ்சையிடம் எந்த மருந்தும் திணறத்தான் செய்யும்.

மார்ச் 5, புதன்

எங்கள் தானியங்கிக் கருவி இந்த ஈஸ்ட்டைக் கேண்டிடா ஹெமுலோனி என்று அச்சடித்துக் கொடுத்தது. ஐ.சி.யூ. மாதிரியில் இந்தப் பெயரைக் கண்டால் அறிக்கையில் கையெழுத்திடாமல் நிறுத்திவைப்பது என் வழக்கம். ஈஸ்ட் எந்தெந்தச் சர்க்கரைகளையும் பிற சேர்மங்களையும் பயன்படுத்துகிறது என்பதை வைத்துப் பெயர் சொல்லும் கருவிகள், அவற்றின் தரவுத்தளம் பழையதாக இருந்தால், கேண்டிடா ஆரிஸை அதன் நெருங்கிய உறவான ஹெமுலோனியாகவே படித்துவிடும்.

எனவே இந்த ஈஸ்ட் இட்ட ஒரு வளர்ப்புத் தட்டை 42 டிகிரி வெப்பத்தில் வைத்திருந்தோம். ஹெமுலோனிக்கு அந்தச் சூடு ஒத்துவராது, ஆரிஸ் தாராளமாக வளரும். இன்று மாலை அதில் நல்ல வளர்ச்சி. நிறம் காட்டும் புதுவகை ஊடகத்திலும் வெளிர் கிரீம் நிறக் காலனிகள், ஒவ்வொன்றையும் சுற்றி நீலம் கசிந்த வளையம். உறுதிப்படுத்த மால்டி-டாஃப் வசதியுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பினேன். அந்தக் கருவி கிருமியின் புரதங்களுடைய எடை வரிசையைப் பார்க்கிறது, ஆகவே சர்க்கரைக் குழப்பத்துக்கு அங்கே இடமில்லை.

2009இல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுத்து விவரிக்கப்பட்ட இனம் இது. 2011–12இல் இந்தியாவின் 27 ஐ.சி.யூ.க்களில் நடந்த பெரிய ஆய்வில், கேண்டிடா இரத்தத் தொற்றுகளில் முதலிடம் கேண்டிடா டிராபிகாலிஸ் என்ற இனத்துக்கு, ஏறத்தாழ 42 சதவீதம். ஆரிஸ் 5 சதவீதத்தைச் சற்றே தாண்டியது. ஆனால் அந்த 27இல் 19 ஐ.சி.யூ.க்களில் அது இருந்தது. சதவீதத்தைவிட எனக்கு அந்த 19தான் பெரிதாகப் படுகிறது.

மார்ச் 6, வியாழன்

மால்டி-டாஃப் முடிவு: கேண்டிடா ஆரிஸ். உடனே ஐ.சி.யூ.வுக்கு நடந்தே போனேன், ஏனெனில் இனி வேலையில் பாதி அங்கேதான். மற்றக் கேண்டிடாக்கள் பெரும்பாலும் நோயாளியின் சொந்தக் குடலிலிருந்து வருபவை. இதுவோ தோலில் குடியேறி, கட்டில் கம்பியிலும் மானிட்டர் வயரிலும் தங்கி, அடுத்த படுக்கைக்குப் போய்விடும். பிளாஸ்டிக்கின் மேல் இரண்டு வாரம்கூட உயிரோடிருக்கும். ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு நரம்பியல் ஐ.சி.யூ.வில் 70 பேரிடம் பரவியபோது, தேடித் தேடிக் கடைசியில் பிடிபட்டது, பலருக்கும் மாற்றி மாற்றி அக்குளில் வைத்த வெப்பநிலை உணரி.

எனவே முதலில் எங்கள் உணரிகளைக் கேட்டேன். வார்டு சிஸ்டர் அலமாரியைத் திறந்து காட்டினார்: நான்கு உணரிகள் ஒரே தட்டில், துடைக்கும் திரவத்தின் பெயரோடு. திரவம் குவாட்டர்னரி அமோனியம் வகை. அது ஆரிஸுக்குப் போதாது. குளோரின் அல்லது ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டும். நோயாளியைத் தனி அறைக்கு மாற்றினோம். அருகிலிருந்தோர் அனைவரிடமும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஸ்வாப் எடுக்கச் சொன்னேன்.

மார்ச் 8, சனி

மருந்து உணர்திறன் அறிக்கைகள் வந்தன. பூஞ்சையின் வளர்ச்சியை நிறுத்தத் தேவையான மருந்துச் செறிவே இந்த எண்கள்; எல்லையைத் தொட்டால் மருந்து பலிக்காது என்று பொருள். ஃப்ளூகோனசோல் 64-க்கும் மேல். தற்காலிக எல்லையான 32ஐ எப்போதோ தாண்டிவிட்டது. இன்னொரு பூஞ்சை மருந்தான அம்ஃபோடெரிசின் பி-யில்தான் சிக்கல். எங்கள் கருவி 8 என்று சொல்ல, வெளி ஆய்வகத்தின் கைமுறை நீர்த்தல் சோதனை 1 என்கிறது. எல்லை 2. முதல் எண்ணை நம்பினால் ஒரு நல்ல மருந்தை இழப்போம். ஆரிஸ் விஷயத்தில் தானியங்கிக் கருவிகள் இந்த மருந்துக்கு மிகையான எண் தருவது தெரிந்த செய்தி, ஆகவே கைமுறை எண்ணையே அறிக்கையில் எழுதினேன். கேஸ்போஃபஞ்சினின் குடும்பத்தைச் சேர்ந்த மைகாஃபஞ்சின் 0.12. கேஸ்போஃபஞ்சினை நேரடியாகச் சோதித்தால் அதிகச் செறிவில் பூஞ்சை மீண்டும் வளர்வதுபோல் தோன்றி ஏமாற்றும். மைகாஃபஞ்சின் எண்ணைக் கொண்டே அந்தக் குடும்பத்தை மதிப்பிடுகிறோம்.

இப்போதைக்குக் கேஸ்போஃபஞ்சின் தொடரட்டும். சிகிச்சையின் நடுவிலேயே பூஞ்சையின் எஃப்.கே.எஸ்.1 மரபணு மாறி இந்த மருந்தும் கைவிடுவதுண்டு. ஐந்து நாளுக்கு மேலும் இரத்தம் தெளியாவிட்டால் லிப்போசோமல் அம்ஃபோடெரிசினுக்கு மாற வேண்டும், புதிய ஈஸ்ட்டை மறுபடி சோதிக்கவும் வேண்டும்.

மார்ச் 12, புதன்

7ஆம் தேதி எடுத்த இரத்தத்தில் எதுவும் வளரவில்லை. இரத்தம் தெளிந்த பிறகும் மருந்து தர வேண்டிய பதினான்கு நாள் கணக்கு அன்றிலிருந்துதான் தொடங்கும், ஆகவே 21 வரை மருந்து. கண் மருத்துவர் விழித்திரையைப் பார்த்துவிட்டார், படிவு இல்லை.

ஸ்வாபில் பக்கத்துப் படுக்கை நோயாளி ஒருவரிடம் ஆரிஸ் இருக்கிறது. அவர் சிறுநீரிலும் வந்திருக்கிறது. காய்ச்சல் இல்லை, வெள்ளணு எண்ணிக்கை சீர். "அவருக்கும் கேஸ்போஃபஞ்சின் போட்டுடலாமே" என்றார் அறுவை சிகிச்சை மருத்துவர். வேண்டாம் என்றேன். அந்த மருந்து சிறுநீரில் சரியாக இறங்காது. குடியேற்றத்தை அது நீக்காது. எதிர்ப்பை மட்டும் வளர்க்கும். சிறுநீர் வடியப் பொருத்திய செயற்கைக் குழாயை எடுத்துவிடுவதே போதும். அவரைத் தனிமைப்படுத்துவதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

மார்ச் 21, வெள்ளி

மருந்து முடிந்தது. நோயாளி மறுவாழ்வு மையம் ஒன்றுக்குப் போக வேண்டும். அவர்கள் 'பூஞ்சை இல்லை' என்ற சான்றிதழ் கேட்கிறார்கள். தோலில் மாதக்கணக்கில் ஆரிஸ் தங்கலாம், அதை நீக்க நிரூபணமான வழி இல்லை, அதற்காக ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கவும் கூடாது. ஆகவே அவர் இந்தப் பூஞ்சையைச் சுமக்கிறார், தனி அறை தேவை, கைகளுக்கு ஆல்கஹால் தேய்ப்பு பலன் தரும் என்று முழு விவரத்தையும் எழுதி அனுப்பினேன். மாலையில் அந்த மையத்தின் மேலாளர் அழைத்து, தரைக்கும் கட்டிலுக்கும் குளோரின் எவ்வளவு கலப்பது என்று கேட்டார். 1000 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு) என்று சொல்லி, புதிதாகக் கலக்கி, பாட்டிலில் குறிப்பிட்ட நேரம்வரை ஈரமாகவே விடும்படி சொன்னேன். திங்களன்று சேர்த்துக்கொள்கிறார்கள்.