குளிர்காலத்துலயும் ஹேங்கர் கதவு திறந்திருக்கணும்

வருஷா வருஷம் அக்டோபர் கடைசி ஆச்சுன்னா எங்க கிளப்புல இதே பேச்சு கிளம்பிரும். பனி விழப்போகுது, பேட்டரியக் கழட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிரலாம், இறக்கைக்கு கவர் போட்டு கட்டிட்டு ஏப்ரல்ல பாத்துக்கலாம்னு. கேக்குறதுக்கு நியாயமாத்தான் இருக்கும். ஆனா ஒரு சின்ன அல்ட்ராலைட் (ரொம்ப லேசான குட்டி விமானம்) கிளப்ப அஞ்சு மாசம் பூட்டி வச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும், யாரும் யாரையும் பாக்குறதில்ல, சந்தா கட்டுற நேரம் வரும்போது "இந்த வருஷம் வேணாம், அடுத்த வருஷம் பாப்போம்"னு ரெண்டு பேர் சொல்லுவாங்க, அதுல ஒருத்தர்தான் டிராக்டர் வச்சிருக்கறவரா இருப்பாரு, அவரு இல்லன்னா ரன்வே புல்லு வெட்ட ஆள் இல்ல, அப்படியே கரைஞ்சு போயிரும். அதனால குளிர்கால புரோகிராம் பொறுப்ப நானே கேட்டு வாங்கிக்கிட்டேன். அதப்பத்தி ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன்.

எங்க ரன்வே கனடாவுல ஒண்டாரியோல, ஸ்கூகாக் ஏரிப் பக்கம், ஒரு விவசாயியோட நிலத்துல இருக்கு. டொரண்டோவுல இருக்குற ஸ்கார்பரோல இருந்து நல்ல ரோடுன்னா ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல, பனி பேஞ்சா கணக்கே கிடையாது. புல்லு ரன்வே, ரெண்டு ஹேங்கர், ஒட்டுனாப்ல ஒரு சின்ன ரூம், அதுக்குள்ள விறகு அடுப்பு. அவ்வளவுதான் கிளப்பு. அல்ட்ராலைட்னா தெரியாதவங்களுக்கு சொல்றேன், கனடா சட்டப்படி பேசிக் அல்ட்ராலைட் அதிகபட்சம் ரெண்டு சீட்டு, ஆள், பெட்ரோல் எல்லாம் சேத்து 544 கிலோ தாண்டக்கூடாது. நிறைய பேரோடது அலுமினியக் குழாயும் டேக்ரான் துணியும்தான். ராத்திரி பறக்க அனுமதி இல்ல. டிசம்பர் கடைசில இங்க சாயங்காலம் நாலே முக்காலுக்கெல்லாம் சூரியன் இறங்கிரும், காலைல எட்டு மணி வாக்குலதான் வெளிச்சமே வரும், அதுலயும் பாதி நாள் மேகம். ஆக பறக்குறத மட்டும் நம்பி குளிர்காலத்துல கிளப்பு நடத்த முடியாது. அதே நேரம் பறக்கவே மாட்டோம்னு சொன்னாலும் யாரும் வரமாட்டாங்க. ரெண்டும் வேணும்.

பறக்குறதுல இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா குளிர்காலத்துப் பறப்பு மாதிரி ஒண்ணு வேற சீசன்ல கிடைக்காது. மைனஸ் 15ல காத்தோட அடர்த்தி ஸ்டாண்டர்டா சொல்ற பிளஸ் 15ல இருக்குறத விட 10 சதவீதத்துக்கு மேல அதிகம், இறக்கைக்கும் ப்ரொப்பெல்லருக்கும் இஞ்சினுக்கும் எல்லாத்துக்கும் அது தீனி, ஜூலைல மூச்சு வாங்கி ஏறுற அதே பிளேன் ஜனவரில விட்டா போதும்னு கிளம்பிரும். காத்துல குலுக்கலும் இருக்காது, தரை சூடாகுறதே இல்லையே. ஆனா ஓப்பன் காக்பிட் வச்சிருக்கறவங்களுக்கு கஷ்டம்தான், மைனஸ் 10ல மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்துல போனா மூஞ்சிக்கு அது கிட்டத்தட்ட மைனஸ் 25. ஸ்னோமொபைல் ஓட்டுறவங்க போடுற ஒன்பீஸ் சூட், ஹெல்மெட்டுக்குள்ள பாலக்லாவா, பேட்டரி வச்ச கிளவுஸ், இதெல்லாம் போட்டாலும் அரை மணி நேரம்தான். அது போதும்.

இங்கதான் கிளப்போட பெரிய சண்டை வருது. ரன்வேல விழுந்த பனிய என்ன பண்றது? சக்கரத்துல பறக்குறவங்க தள்ளி எடுத்துருங்கன்னு சொல்லுவாங்க. சக்கரத்துக்குப் பதிலா ஸ்கீ (பனில சறுக்குற பட்டை) மாட்டி வச்சிருக்கறவங்களுக்கு பனி இருந்தாத்தானே இறங்க முடியும், அவங்க ரோலர் போட்டு அமுக்கி விடுங்க போதும்னு நிப்பாங்க. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. தரை நல்லா இறுகுறதுக்கு முன்னாடி பிளேடு போட்டா புல்லெல்லாம் வேரோட பேந்து வந்துரும், வசந்தத்துல சேறுதான் மிஞ்சும். தள்ளுன பனிய ஓரத்துல கரை மாதிரி குவிச்சு விட்டா, இறக்கை தாழ்வா இருக்குற லோ விங் பிளேன் கொஞ்சம் விலகுனாலும் இறக்கை நுனி அதுல மாட்டும். அமுக்கி மட்டும் விட்டா ஒருநாள் மழை பேஞ்சு மறுநாள் உறைஞ்சு மொத்த ரன்வேயும் கண்ணாடியாயிரும். இப்போ நாங்க பண்றது என்னன்னா நீளவாக்குல ரெண்டா பிரிச்சிட்டோம், மேற்குப் பாதி சக்கரத்துக்கு, கிழக்குப் பாதி ஸ்கீக்கு, நடுவுல கரை கட்டக்கூடாது, தள்ளுற பனிய வெளிய கொண்டு போய் பரப்பணும். டிராக்டர் ஓட்டுறவருக்கு இது ரெண்டு மடங்கு வேலை. அவருக்கு டீசல் காசு கிளப்புதான் குடுக்கணும்னு நான் கமிட்டில விடாம கேட்டு வாங்குனேன், ஏன்னா ஒருத்தரோட நல்ல மனசுல மட்டும் ஒரு ரன்வேய ஓட்ட முடியாது.

ஸ்கீல பறக்குறது தனி வித்தை. பிரேக்கே கிடையாது. கிளம்புறதுக்கு முன்னாடி இஞ்சின வேகமா ஓடவிட்டு சோதிக்கிற ரன்அப்ப நிறுத்தி வச்சு பண்ண முடியாது, நகந்துகிட்டே பண்ணணும். இறங்கி வந்து நின்ன உடனே ஸ்கீயோட அடிப்பக்கம் உரசல் சூட்டுல லேசா உருகுன பனி திரும்ப உறைஞ்சு அப்படியே ஒட்டிக்கும், அதனால பார்க்கிங் இடத்துல பலகை போட்டு வச்சிருப்போம், நேரா அதுமேல ஏத்திரணும். எல்லாத்தையும் விட ஆபத்து வெளிச்சம். மேகம் மூடுன நாள்ல வெள்ளை வயல், வெள்ளை வானம், நிழலே இல்ல, தரை 5 அடில இருக்கா 30 அடில இருக்கான்னு கண்ணு சொல்லாது. அதுக்கு ரன்வே ஓரத்துல ஊசியிலை மரக்கிளைய வெட்டி வரிசையா நட்டு வைப்போம், கறுப்பா ஏதாவது கண்ணுல பட்டாத்தான் உயரம் பிடிபடும். ஏரில இறங்கலாமான்னு எல்லாரும் கேப்பாங்க. ஸ்கூகாக் ஆழம் கம்மியான ஏரி, சீக்கிரம் உறையும், ஆனா ஐஸ்ல ஆகர் (ஐஸ் துளைக்கிற கருவி) போட்டு துளைச்சு அளந்து பாத்த நம்ம கிளப்பு ஆள் ஒருத்தர் அன்னைக்கே சொல்லாம யாரும் இறங்கக்கூடாதுங்கறது ரூல். வெள்ளையா கலங்கலா இருக்குற ஐஸ் தெளிவான ஐஸ்ல பாதி பலம்தான் தாங்கும், மேல இருந்து பாத்தா ரெண்டும் பனிக்கு அடியில ஒண்ணுதான்.

இன்னொண்ணு ஃப்ராஸ்ட். இறக்கை மேல சொரசொரன்னு உப்புத்தாள் மாதிரி ஒரு மெல்லிசு படலம், அவ்வளவுதானேன்னு தோணும். அதுவே லிஃப்ட்ட (பிளேன மேல தூக்குற விசை) 30 சதவீதம் வரைக்கும் குறைச்சு டிராக்க (காத்து பின்னால இழுக்குறது) 40 சதவீதம் வரைக்கும் ஏத்திரும்னு அரசாங்கப் போக்குவரத்துத் துறையான டிரான்ஸ்போர்ட் கனடா திரும்பத் திரும்ப சொல்லுது. ஒட்டுன பனியோட கிளம்பக்கூடாதுங்கறது சட்டம். சுடுதண்ணி ஊத்துற வேலையெல்லாம் வேணாம், அது போய் ஹிஞ்சுக்குள்ள உறையும். கவர் போடுங்க, இல்ல வெயில்ல திருப்பி நிறுத்திட்டு உள்ள வந்து காபி குடிங்க.

இஞ்சின் விஷயத்துல நான் ரொம்ப கறாரு. எங்க பிளேன்கள்ல இருக்குற ரோட்டாக்ஸ் 912 இஞ்சின்ல ஆயில் 50 டிகிரி வராம ஃபுல் பவர் குடுக்கக்கூடாது, அதனால ப்ரீஹீட்டர் போட்டு, மேல பழைய கனமான போர்வை சுத்தி, ஆயில் கூலர்ல பாதிய டேப் ஒட்டி மூடி, பொறுமையாத்தான் கிளம்பணும். வாட்டர் கூல் பண்ற டூ ஸ்ட்ரோக் ரோட்டாக்ஸ் 582ல அவசரப்பட்டா பிஸ்டன் சீக்கிரம் சூடாகி விரியும், சுத்தி இருக்குற சிலிண்டர் இன்னும் குளிர்ந்தே இருக்கும், கவ்விப் பிடிச்சிரும். அப்புறம் நிறைய பேர் பண்றது, பறக்க முடியலன்னா வாரத்துக்கு ஒருதடவ ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துறது. தயவுசெஞ்சு பண்ணாதீங்க. எரிபொருள் எரியும்போது வர்ற ஈரம் ஆயில்ல சேரும், அது ஆவியாகுற அளவுக்கு ஆயில் சூடாகுறதுக்குள்ள நிறுத்திட்டா உள்ள தண்ணி சேத்து வைக்கிறதுதான் மிச்சம். ஒண்ணு ஒழுங்கா பறங்க, இல்ல ஒழுங்கா மூடி வைங்க.

சரி, பறக்க முடியாத சனிக்கிழமைக்கு வருவோம், நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் பெரும்பாலான சனிக்கிழமை அப்படித்தான். நான் வச்ச ஒரே ஏற்பாடு, வானிலை எப்படி இருந்தாலும் காலைல ஒன்பது மணிக்கு யாராவது ஒருத்தர் வந்து கதவத் திறந்து அடுப்பு மூட்டணும். முறை வச்சிருக்கோம். "இந்த வாரம் வர்றீங்களா"ன்னு வெள்ளிக்கிழமை குரூப்ல கேட்டு ஆள் சேந்தா திறக்குறதுன்னு முன்னாடி இருந்துச்சு, அப்போ ஒருத்தரும் வரமாட்டாங்க, ஏன்னா எல்லாரும் மத்தவங்க வருவாங்களான்னு பாத்துகிட்டே இருப்பாங்க. திறந்திருக்கும்னு தெரிஞ்சா வண்டிய எடுத்துட்டு வந்துருவாங்க.

வந்தா வேலை இருக்கணும், சும்மா உக்காந்து காபி குடிக்க ரெண்டு வாரம் வருவாங்க, மூணாவது வாரம் வரமாட்டாங்க. அதனால ஒவ்வொரு வாரமும் ஒருத்தரோட பிளேன்ல ஒரு வேலைன்னு எழுதி ஒட்டிருவேன். ரோட்டாக்ஸ்ல ரப்பர் ஹோஸ் எல்லாம் 5 வருஷத்துக்கு ஒருதடவ மாத்தணும், தனியா பண்ணா சலிப்பு, நாலு பேர் சேந்தா ஒரே நாள். போன குளிர்காலத்துல பாத்த ஒரு வேலைய சொல்றேன். இஞ்சினுக்குப் பெட்ரோலையும் காத்தையும் கலந்து குடுக்குற கார்ப்புரேட்டருக்குள்ள ரெண்டு கறுப்பு ஃப்ளோட் (மிதவை) இருக்கும், சுண்டுவிரல் பருமன் கூட இருக்காது. வருஷக்கணக்குல பெட்ரோல் ஊறி கனம் கூடிரும், கூடினா அது சரியா மிதக்காது, பெட்ரோல் வழிஞ்சு இஞ்சின் தடுமாறும். ஒரு ஜோடி சேந்து 7 கிராமுக்கு மேல போகக்கூடாது. தங்கம் நிறுக்குற மாதிரி ஒரு குட்டி டிஜிட்டல் தராசு மேல வச்சோம், சுத்தி ஆறு பேர் மூச்சு விடாம பாக்குறாங்க, ஒரு ஜோடி 6.2 வந்துச்சு, அடுத்த ஜோடி 7.4. ஓனர் மூஞ்சி மாறிப்போச்சு, ஏன்னா செப்டம்பர்ல அந்த இஞ்சின் ஐடில்ல லேசா தடுமாறுனத எல்லாரும் ப்ளக்குன்னு நினைச்சுகிட்டு இருந்தோம். மறு வாரமே மூணு பேர் அவங்க கார்ப்புரேட்டரக் கழட்டிக் கையோட கொண்டு வந்துட்டாங்க. இப்படித்தான் ஆள் வருது.

ஜனவரில இருந்து கிரவுண்ட் ஸ்கூல். அல்ட்ராலைட் பெர்மிட்டுக்கு குறைஞ்சது 20 மணி நேர கிளாஸ் வேணும், வாரம் 2 மணி நேரம்னு வச்சா மார்ச் நடுவுல முடிஞ்சிரும், பனி உருகும்போது புது ஆளுங்க பறக்கத் தயாரா இருப்பாங்க. அதுலயே பழைய ஆளுங்களுக்கும் வேலை இருக்கு, 24 மாசத்துக்கு ஒருதடவ ரீகரண்ட் டிரெய்னிங் முடிச்சிருக்கணும், டிரான்ஸ்போர்ட் கனடா வெளியிடுற கேள்வித்தாள எல்லாரும் சேந்து உக்காந்து போட்டுருவோம், விவாதம் அனல் பறக்கும். கிளாஸுக்கு யாழ்ப்பாணத்து அண்ணா ஒருத்தர் மார்க்கம்ல இருந்து வர்றாரு, ரிட்டயர் ஆனவரு. பறக்குறதுக்கு முன்னாடியே ஏன்ணா இவ்வளவு ஒழுங்கா வர்றீங்கன்னு கேட்டேன். "குளிருக்குள்ள வீட்டுக்குள்ளயே இருந்து விசர் பிடிச்சுப் போச்சுது தம்பி, இஞ்ச வந்தாத்தான் நாலு சனத்தின்ர முகத்தப் பாக்கிறன்"னாரு. இப்போ அடுப்பு மூட்டுற முறைல அவரும் ஒருத்தர்.

மாசத்துக்கு ஒரு சாயங்காலம் பேச்சு வைப்போம். எல்லாரும் திரும்பத் திரும்பக் கேக்குறது பில் லிஷ்மன் கதை. நம்ம பக்கத்து ஆளு, ஸ்கூகாக் பக்கம் பிளாக்ஸ்டாக்ல இருந்த சிற்பி. கனடா கூஸ் வாத்துக் குஞ்சுகளப் பழக்கி தன்னோட அல்ட்ராலைட் பின்னாடி பறக்க வச்சவரு, 1993ல ஜோ டஃப்போட சேந்து ஒரு கூட்டத்த ஒண்டாரியோல இருந்து வர்ஜீனியா வரைக்கும் கூட்டிட்டுப் போனாரு, அடுத்த வசந்தத்துல அதுல பலது தானாவே வழி கண்டுபிடிச்சு திரும்பி வந்துச்சு. அந்த வழில வந்ததுதான் அப்புறம் ஹூப்பிங் கிரேன் கொக்குகளுக்கு அல்ட்ராலைட் வச்சு வழி காட்டுன வேலை. 2017 டிசம்பர்ல அவர் போயிட்டாரு. நாம பறக்குற இதே வானத்துல, நாம வச்சிருக்குற மாதிரி ஒரு துணி இறக்கைல ஒருத்தர் இதச் செஞ்சிருக்காருங்கறது எனக்கு ஒவ்வொரு தடவையும் புல்லரிக்கும். பிப்ரவரில ஹாமில்டன்ல இருக்குற வார்பிளேன் மியூசியத்துக்கு ஒரு டிரிப், உலகத்துல பறக்குற நிலைமைல இருக்குற ரெண்டே லங்காஸ்டர்ல (ரெண்டாம் உலகப் போர் குண்டுவீச்சு விமானம்) ஒண்ணு அங்க இருக்கு, குளிர்காலத்துல ஹேங்கருக்குள்ள நிக்கும், கிட்டப் போய் ரிவெட்ட எண்ணலாம்.

மார்ச் கடைசிதான் கஷ்டமான காலம். ஸ்கீக்கு பனி பத்தாது, சக்கரத்துக்கு சேறு, எல்லாருக்கும் கை துறுதுறுன்னு இருக்கும். அப்போ ரன்வேய முழுசா மூடிருவோம், யார் கேட்டாலும் கிடையாது, ஒரு தடம் விழுந்தா ஜூன் வரைக்கும் இருக்கும். டேங்க்ல மிச்சம் இருக்குற குளிர்கால பெட்ரோல காலி பண்ணிரணும், அது சீக்கிரம் ஆவியாகுற மாதிரி கலந்தது, திடீர்னு ஒருநாள் 20 டிகிரி அடிச்சா பெட்ரோல் குழாய்க்குள்ளயே ஆவியாகி அடைச்சுக்கும், வேப்பர் லாக்னு சொல்லுவாங்க. இறக்கைக்குள்ள எலி கூடு கட்டியிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க, எலி மூத்திரம் அலுமினியத்த அரிச்சிரும். இன்னொரு ரூல், குளிர்காலத்துல பறக்காதவங்க ஏப்ரல்ல முதல் தடவ இன்ஸ்ட்ரக்டரோடதான் ஏறணும். பேசஞ்சர ஏத்தணும்னா 6 மாசத்துக்குள்ள 5 டேக்ஆஃப் 5 லேண்டிங் இருக்கணும்னு சட்டமே சொல்லுது, அக்டோபர்ல கடைசியா பறந்தவருக்கு ஏப்ரல்ல அது காலாவதி. பேசஞ்சர் இல்லாட்டியும் நாங்க விடுறதில்ல.

ஜிடிஏல (டொரண்டோவும் சுத்துவட்டாரமும்) இருக்குற யாருக்காவது எட்டிப் பாக்கணும்னு இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, வழி அனுப்புறேன். பறக்கத் தெரியணும்னு இல்ல. கணுக்கால் தாண்டுற பூட்ஸ் போட்டுட்டு வாங்க, வண்டிய விவசாயி வீட்டு வாசல்ல நிறுத்தாதீங்க, டிராக்டர் போற வழி அது. முடிஞ்சா ரெண்டு கட்டை விறகு கொண்டு வாங்க.