பையன் தேறிவிட்டானா?

ஜூன் 18
ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஐந்தாம் வகுப்புப் பையன் நாளை டிஸ்சார்ஜ். வந்த அன்று, நினைவு எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று அளக்கும் கிளாஸ்கோ கோமா ஸ்கேலில் 9; இன்று 15, முழு மதிப்பு. கண் திறப்பது, பேச்சு, அசைவு - 1974-இல் வந்த அந்த அளவுகோல் பார்ப்பது இவ்வளவுதான். பையன் வகுப்பில் எப்படி இருப்பான் என்று அதனிடம் கேட்க முடியாது.

அடிபடுவதற்கு முன் அவன் எப்படி இருந்தான் என்று அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். இதை இப்போதே கேட்டுவிட வேண்டும். வருஷம் கழித்துக் கேட்டால் எல்லாப் பிள்ளையும் 'முன்னாடி தங்கமான பிள்ளை' ஆகிவிடும்.

ஆகஸ்ட் 21
எஸ்.டி.க்யூ. படிவம்: பிள்ளையின் நடத்தை, மனநிலை, மற்றவர்களோடு பழகுவது பற்றிய கேள்வித்தாள். ராபர்ட் குட்மேன் 1997-இல் வெளியிட்டது, 25 கேள்விகள், தமிழிலும் உண்டு. கடந்த ஆறு மாதத்தை நினைத்துப் பதில் சொல்லச் சொல்கிறது. அடிபட்டே இரண்டு மாதம்தான்! பழைய பையனையும் புதுப் பையனையும் கலந்து மதிப்பெண் போட்டு என்ன பயன்? ஆஸ்பத்திரியிலிருந்து போன பிறகு நடந்ததை மட்டும் சொல்லச் சொன்னேன்.

'கொஞ்சம் கோவம் வருது மேடம், வேற ஒண்ணுமில்ல' என்றார் அம்மா. நல்ல நண்பன் ஒருவனாவது உண்டா என்ற கேள்வி வந்ததும் பேனா நின்றுவிட்டது. 'சாயங்காலம் இப்ப யாரும் கூப்பிட வர்றதில்ல.'

செப்டம்பர் 4
டீச்சர் நிரப்பிய படிவம் வந்தது. கவனம் சிதறுகிறது, ஓரிடத்தில் உட்காருவதில்லை: இரண்டுக்கும் 'நிச்சயமாக உண்மை'. அம்மா இரண்டையும் 'உண்மையில்லை' என்றிருந்தார். யாரும் பொய் சொல்லவில்லை. வீட்டில் ஒரு குரல், வகுப்பில் நாற்பது. கூட்டிச் சராசரி எடுத்தால் இந்த வித்தியாசமே காணாமல் போகும். அதுதான் எனக்கு முக்கியம்.

பிள்ளையே நிரப்பும் எஸ்.டி.க்யூ. 11 வயதிலிருந்துதான். அவனுக்குப் பத்து. அதனால் பிள்ளையின் அன்றாட வாழ்க்கை எப்படிப் போகிறது என்று அவனிடமே கேட்கும் பெட்ஸ்க்யூ.எல். படிவத்தின் இருபத்து மூன்று கேள்விகளையும் வாய்விட்டுப் படித்தேன். மற்ற பிள்ளைகளோடு விளையாடும்போது ஈடுகொடுக்க முடியவில்லையா என்றதற்கு 'அடிக்கடி' என்றான். பிறகு அவனாகவே, 'கேம் ரூல் பாதியில மறந்துடுது மிஸ். ஏமாத்துறேன்னு சொல்லி வெளிய அனுப்பிடுறாங்க.'

எந்தக் கட்டத்திலும் டிக் போட முடியாத பதில். ஓரத்தில் அப்படியே எழுதி வைத்தேன்.

செப்டம்பர் 10
ஐ.க்யூ. சராசரி. 'அப்ப நல்லாயிட்டான்தானே?' என்றார் அப்பா. படிப்பறிவு தப்பித்திருக்கிறது, பழகும் திறன் அடிவாங்கியிருக்கிறது என்று மூன்று படிவத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். பள்ளிக்குக் கடிதம் கொடுத்தேன்: முன் வரிசை, ஒரு நேரத்தில் ஒரு வேலை, விளையாட்டில் விதிகளைச் சொல்லித் தர ஒரு பையன் கூடவே.

மூளையின் முன்பகுதி இருபது வயது தாண்டியும் வளர்வது. அங்கே பட்ட அடியின் விளைவு சில பிள்ளைகளிடம் பிந்தித்தான் தெரியவரும். ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஒரு டீச்சர். பள்ளி திறந்து ஒரு மாதம் ஆனதும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன்.