மணி அடித்தபோது நான் சொன்ன பதில்

பூனைகள் குருவிகளைக் கொல்வதைப் பற்றிப் படிப்பித்த அன்று, "அப்ப எங்கட பூனையை என்ன செய்யிறது, ரீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டபோது மணி அடித்துவிட்டது. அடுத்த வகுப்புக்குப் போகிற அவசரம். "அதை அம்மா அப்பாவோட கதைச்சு முடிவெடுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அதில் பிழை இல்லை என்றுதான் அன்று நினைத்தேன். இன்னொரு வீட்டுப் பூனைக்குத் தீர்ப்புச் சொல்ல நான் யார்? இப்போதும் பாதி நேரம் அப்படித்தான் நினைக்கிறேன்.

அடுத்த கிழமை வந்து சொன்னாள். "அப்பா சாக்கில போட்டுக் கொண்டுபோய் முத்தையன்கட்டுக் குளக்கட்டுக்கு அங்கால காட்டுக்க விட்டிட்டார்." அவள் அழவில்லை. நல்ல காரியம் செய்துவிட்டோம், ரீச்சர் பாராட்டுவா என்று காத்து நின்றாள். அந்த முகம்தான் என்னை விடுகிறதில்லை.

எல்லாம் அவளுடைய கொம்பாஸ் பெட்டியில் தொடங்கியது. உள்ளே ஒரு புலுனிக் குருவியின் இறகுகள், சாம்பலும் மண்ணிறமும் கலந்தவை. ஒன்றின் அடித்தண்டு முறிந்து, நுனியில் இரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது. பூனை குருவியைக் குசினி வாசலில் கொண்டுவந்து போட்டதாம். கூட்டத்தில் மிச்சமானவை முருங்கையில் இருந்து மத்தியானம் வரை கத்தினவாம். உடனே வகுப்பு முழுக்கக் கை உயர்ந்தது. தேன்சிட்டு, கொண்டைக்குருவிக் குஞ்சு, அணில், ஓணான் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கணக்கு இருந்தது.

பிள்ளைகள் இப்படிக் கதைப்பது எந்த ஆசிரியைக்கும் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் 2013 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வைச் சொன்னேன். அங்கே பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகளைக் கொல்கின்றன என்று பூச்சியங்களோடு கரும்பலகையில் எழுதினேன். நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில், 1894 இல் வெளிச்சவீடு வந்த காலத்தில் பூனைகளும் வந்துசேர, பறக்கமாட்டாத ஒரு சின்னக் குருவி இனமே சில ஆண்டுகளுக்குள் அழிந்த கதையையும் சொன்னேன்.

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த அமெரிக்கக் கணக்கில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வீடில்லாத பூனைகள் கொல்பவை. எனக்கு அது தெரியும். பெரிய எண் போதும் என்று விட்டுவிட்டேன். சோறும் மீன்தலையும் தின்று முற்றத்தில் படுத்த ஒரு பூனையும் இப்போது வீடில்லாததாகி வயிற்றுக்கு வேட்டையை மட்டும் நம்பியிருக்கிறது, அதுவும் நிலத்தில் முட்டையிடும் காடையும் பக்கியும் இருக்கிற காட்டில். இல்லாவிட்டால் நரிக்கோ மலைப்பாம்புக்கோ இரையாகியிருக்கும். இரண்டில் எதை நினைத்தாலும் ஆறுதல் இல்லை.

ஆனால் நான் காட்டில் விடச் சொல்லவில்லையே. வன்னியில் பூனையைச் சாக்கில் கட்டிக்கொண்டுபோய் விடுவது என் பாடத்தால் வந்த பழக்கமா? அதோடு, காகமும் பாம்பும் குஞ்சு தூக்குகின்றன. பற்றை வெட்டி வெளியாக்கினது நாங்கள், வயலுக்கு மருந்து அடிக்கிறதும் நாங்கள். எல்லாப் பழியையும் ஒரு வீட்டுப் பூனையின் தலையில் வைத்தது நியாயமில்லை. சரி, நியாயமில்லை என்றால் ஏன் அன்று அப்படிப் படிப்பித்தேன்?

போன கிழமை அவள் திரும்ப வந்தாள். எலி நெல்மூட்டையை ஓட்டை போடத் தொடங்கிவிட்டது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவியதில் இருந்து தாய்க்கு எலி என்றாலே பயம். அதனால் மாமி வீட்டில் இருந்து ஒரு குட்டி வந்திருக்கிறது.

இந்தமுறை ஆயத்தமாகத்தான் இருந்தேன். "விடியக்காலமும் பொழுதுபடேக்கையும் உள்ளுக்க அடைச்சு வையுங்கோ" என்றேன்.

"குசினிக்குக் கதவில்லை, ரீச்சர். கிடுகுதான்."

அப்புறம் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தின் 2021 ஆய்வைச் சொன்னேன். இறைச்சி நிறைந்த தீன் கொடுத்த வீடுகளுக்குப் பூனை கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்ததாம். அது அவர்கள் வீட்டில் நடக்காது. தினமும் ஐந்து பத்து நிமிடம் விளையாடிய வீடுகளில் 25 சதவீதம் குறைந்ததாம். கயிற்றில் துணித்துண்டு கட்டி இழுக்கக் காசு தேவையில்லை.

"விளையாடினால் குருவி பிடிக்காதோ?"

"கொண்டுவாற இரையில நாலில ஒண்டு குறையும்."

விரலை மடக்கிப் பார்த்தாள். "அப்ப மிச்சம் மூண்டும்?"

மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது.