புஷ்பவனத்து மணலும் பொம்மை கம்ப்ரஸரும்

சிகரெட் லைட்டர் துளையில் சொருகுகிற ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஏர் பம்பை நம்பி, நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் பை ஃபோர் வண்டியை மணலில் இறக்காதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கோலாமீன் பக்கம் பேச்சு போய்விட்டால் நான் திரும்பி வர மாட்டேன்.

தஞ்சாவூரில் கிளம்பி மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம். சாலை நன்றாகத்தான் இருந்தது, சொல்ல ஒன்றுமில்லை. போன காரியம் புஷ்பவனத்தில் இருக்கும் சிநேகிதனின் மாந்தோப்பு. 2018 நவம்பரில் கஜா புயல் வேரோடு சாய்த்துப் போட்ட தோப்பு அது, மறுபடி நட்ட கன்றுகள் இப்போதுதான் ஒழுங்காகக் காய்க்கின்றன. டெல்டா என்றால் வண்டலும் வயலும்தான் என்று நினைக்கிறவர்கள் இந்தப் பக்கம் ஒருமுறை வர வேண்டும். தோப்புக்குள் போகும் பாதை முழுக்கப் பொலபொலவென்று மணல், ட்ராக்டரே திணறும். இரண்டு பிக்கப்பிலும் டயர் காற்றழுத்தத்தை 18 பிஎஸ்ஐக்கு (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) இறக்கினோம். டயர் பரந்து நீளமாகத் தரையில் படியும், மணலைத் தோண்டாமல் மேலேயே மிதந்து போகும். ஜாலியாக உள்ளே போய், மாங்காய் ஏற்றிக்கொண்டு, ஜாலியாக வெளியே வந்தோம்.

வினை அங்கேதான் ஆரம்பம். 18-ல் தார் ரோட்டில் வேகமாக ஓட்ட முடியாது. டயரின் பக்கச் சுவர் மடிந்து மடிந்து சூடேறும், அதுவும் இந்த வைகாசி வெயிலில், முதுகில் அத்தனை மூட்டை மாங்காயோடு. 32-க்காவது ஏற்றியாக வேண்டும். சிநேகிதன் புதுசாக வாங்கிய பம்பைப் பெருமையாக எடுத்தான். பெட்டியில் 150 பிஎஸ்ஐ என்று கொட்டை எழுத்து. "மாப்ள, 150டா, லாரிக்கே அடிக்கலாம்!"

அந்த 150 யாருக்கு வேண்டும்? நமக்கு வேண்டியது 32. எவ்வளவு அழுத்தம் வரை தம் கட்டும் என்பது இங்கே கேள்வியே இல்லை, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று தள்ளும் என்பதுதான் கேள்வி. அது பெட்டியில் எங்கேயோ பொடி எழுத்தில் இருக்கும், பல பெட்டிகளில் அதுவும் இருக்காது. என் வண்டி டயர் 245/70 ஆர்16, உள்ளே தோராயமாக 60 லிட்டர் இடம். 18-ல் இருந்து 32-க்குப் போக 14 பிஎஸ்ஐ, கிட்டத்தட்ட ஒரு வளிமண்டல அழுத்தம். ஆக டயருக்கு 60 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வெளிக்காற்றை உள்ளே திணிக்க வேண்டும், நாலுக்கும் 230, 240 லிட்டர். இரண்டு வண்டி என்றால் இரட்டிப்பு.

லைட்டர் துளையின் ஃபியூஸ் பெரும்பாலும் 10, 15 ஆம்பியர், சிலதில் 20. 12 வோல்ட்டில் 15 ஆம்பியர் என்றால் 180 வாட்ஸ், அவ்வளவுதான் அந்த வழியாக வரும். அதை வைத்துக்கொண்டு ஒரு சின்ன மோட்டார் எவ்வளவுதான் தள்ளும், பாவம்? முதல் டயருக்கே பொறுமை போய்விட்டது. இரண்டாவது டயரில் பாதி ஏறும்போது பம்பு தொட முடியாத சூடு, பிளாஸ்டிக் வாடை, அப்புறம் டப்பென்று ஃபியூஸ் போனது. அதோடு போன் சார்ஜும் போனது.

ஊர்ந்து ஊர்ந்து வேதாரண்யம் வந்தால், பங்க்கில் ஏர் மிஷின் மேல் சாக்கைப் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். பக்கத்துப் பஞ்சர் கடையில் வண்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு "பெரிய டயர் சார், ஒண்ணுக்கு அம்பது" என்றார். எட்டு டயருக்கு நானூறு ரூபாய், காற்றுக்கு! டீசலுக்கே நாங்கள் கணக்குப் பார்த்துக்கொண்டு வந்தவர்கள். வேண்டாம் என்று டீக்கடைக்கு வந்து புலம்பிக்கொண்டிருந்தபோது, அகஸ்தியன்பள்ளியில் உப்பு ஏற்றிக்கொண்டு வந்த லாரி டிரைவர் ஒருத்தர் காதில் விழுந்துவிட்டது. "தம்பி, என் வண்டியில புடிச்சிக்குங்க, இதுக்கு எதுக்கு காசு?"

சீட்டுக்கடியிலிருந்து நீள ஓஸ் ஒன்றை எடுத்து லாரிக்கு அடியில் ஒரு முனையை மாட்டினார். ஏர் பிரேக்குக்கான காற்று, எட்டு பார் சுமார், அதாவது 115 பிஎஸ்ஐ சொச்சம். அதைவிடப் பெரிய விஷயம், இன்ஜின் சும்மா ஓடினாலே கம்ப்ரஸர் டேங்கை நிரப்பிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு டயரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிமிர்ந்தது. கேஜை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது, 40-க்கு ஓடிவிடும். "கேஜைப் பாருங்கண்ணே" என்று நான் கத்த, "நீங்க பாருங்க தம்பி, நான் டீ குடிக்கிறேன்" என்று அவர் போய்விட்டார். அந்த டீக்கு மட்டும்தான் காசு கொடுக்க விட்டார்.

அடுத்த நாள் கோடியக்கரை. இப்போது கோலாமீன் சீசன். ஒரு வீட்டு மெஸ்ஸில் கோலா உருண்டைக் குழம்பு, மேலே வறுத்த கோலா இரண்டு, சோறு வேண்டும் வரை. நூற்றைம்பது ரூபாய்க்கு இப்படி ஒரு சாப்பாடு தஞ்சாவூரில் கிடைக்குமா, சொல்லுங்கள். இன்னொன்று, மணலைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும்தான், ஆனால் கோடியக்கரை வெளிமான்களின் சரணாலயம், 2002-லிருந்து, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இருக்கிறது. கடலாமை முட்டையிடும் கரையும் கூட. அங்கே வண்டியை இறக்குகிறவனைப் பிடித்து உள்ளே போட வேண்டும். தோப்பு, சொந்த நிலம், அனுமதி வாங்கிய பாதை, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, என்னதான் வாங்குவது? மெஸ் திண்ணையில் இதற்கே சண்டை. சிநேகிதன் இப்போது கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் கட்சிக்குத் தாவிவிட்டான். வேகம் என்று பார்த்தால் அவன் சொல்வது சரி. மோட்டார் இல்லை, சத்தம் இல்லை, ரெகுலேட்டரைத் திறந்தால் லாரிக் காற்று மாதிரியே பாயும். ஒரு கிலோ வாயு சாதாரண அழுத்தத்தில் 500 லிட்டருக்கு மேல் விரியும், அதாவது நம் இரண்டு வண்டிக்கும் ஒரு தடவைக்கு ஆகும். சோடாக் கம்பெனிக்கும் வெல்டிங் பட்டறைக்கும் சிலிண்டர் கொடுக்கிற ஏஜென்சியில் நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் சிலிண்டருக்குள் திரவமாக அடைத்திருக்கிற அந்த வாயு 31 டிகிரிக்கு மேல் திரவமாகவே நிற்காது, உள்ளே அழுத்தம் கிடுகிடுவென ஏறும். நம்மூரில் 31 டிகிரி என்பது காலை பத்து மணி. வெயிலில் மூடிக் கிடக்கிற வண்டிக்குள், பிள்ளைகுட்டி உட்காரும் இடத்துக்குப் பின்னால் அதை வைத்துக்கொண்டு என்னால் நிம்மதியாக ஓட்ட முடியாது. தீர்ந்துவிட்டால் தோப்புக்கு நடுவில் அது வெறும் இரும்பு என்பது வேறு.

என் ஓட்டு பேட்டரியில் நேரடியாகக் கிளிப் மாட்டும் கம்ப்ரஸருக்குத்தான். 30 ஆம்பியரும் அதற்கு மேலும் இழுக்கும், அதனால் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஒயரில் தனி ஃபியூஸ் இருக்க வேண்டும். ஏஆர்பி கம்பெனியின் இரட்டை சிலிண்டர் மாடல் அழுத்தமில்லாத நிலையில் நிமிடத்துக்கு 174 லிட்டர் தள்ளும், பார்க்கவே ஆசையாக இருக்கும், விலையோ அரை லட்சத்தைத் தாண்டும். மாங்காய் விற்று அதை வாங்க முடியாது. ஆறேழாயிரத்துக்கு 70 லிட்டர் என்று போட்டு வருகிற உலோக உடம்புக்காரர்கள் போதும். அந்த 70-ம் எதிரழுத்தம் இல்லாதபோது அளந்த கணக்கு, டயரில் காற்று ஏற ஏறக் குறையும், அதனால் டயருக்கு இரண்டு நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் டியூட்டி சைக்கிள், அதாவது மொத்த நேரத்தில் எத்தனை சதவீதம் ஓடலாம் என்று கேளுங்கள். 33 சதவீதம் என்றால் ஓடுவதைப் போல இரண்டு மடங்கு நேரம் ஓய்வு. அதையும் 22 டிகிரி மாதிரி குளுகுளு இடத்தில் அளந்திருப்பார்கள். வேதாரண்யம் வெயிலில் இன்னும் சீக்கிரம் சூடாகி நிற்கும், எட்டு டயரை ஒரே மூச்சில் அடிக்கப் போகிறவர்கள் இதைக் கணக்கில் வையுங்கள். கம்ப்ரஸரை மணல்மேல் வைக்காமல் ஒரு சாக்கில் வைத்தால் ஃபில்டர் பிழைக்கும். உப்புக்காற்றில் கிளிப் பச்சை பூத்துவிடும், துடைத்து வையுங்கள்.

கொஞ்சம் காசு மிஞ்சினால் பெரிய கம்ப்ரஸருக்குப் போவதைவிட, நாலு வால்வுக்கும் ஒரே நேரத்தில் மாட்டுகிற நாலு கால் ஓஸ் செய்துகொள்ளுங்கள். ஏர் ஓஸ், டி ஜாயிண்ட், நாலு வால்வுப் பூட்டு, ஒரு கேஜ். நாலிலும் அழுத்தம் தானாகச் சமமாகிவிடும், ஒவ்வொரு டயராகக் குனிந்து நிமிர வேண்டாம். தஞ்சாவூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் விசாரித்தேன், ஆயிரத்து எண்ணூறு சொல்கிறார். ஆயிரத்து ஐந்நூறுக்குக் கேட்டிருக்கிறேன், தருவார் என்றுதான் நினைக்கிறேன்.