பியூட்டி பாலருக்கு ஒன்லைன் புக்கிங் தேடி எடுத்த கதை

கொழும்பு வெள்ளவத்தைல காலி வீதில இருந்து கடல் பக்கமா இறங்குற ஒரு லேனில பதினொரு வருசமா பியூட்டி பாலர் வச்சிருக்கிறன். ரெண்டு கதிரை, தலை கழுவுற பேசின் ஒண்டு, ஃபேஷியலுக்கு உள்ளுக்கு ஒரு சின்ன அறை, என்னோட சேர்த்து மூண்டு பேர். இவ்வளவு காலமும் புக்கிங் எல்லாம் ஒரு சீஆர் கொப்பிலதான். ஆக்கள் கோல் எடுத்துக் கேட்ட காலம் வரைக்கும் கொப்பி நல்லாத்தான் ஓடினது, பேந்து வட்ஸ்அப், பேந்து இன்ஸ்டகிராம், பேந்து ஃபேஸ்புக் மெசேஜ் எண்டு வர, எல்லாத்துக்கும் ஆராவது ஒருத்தர் பதில் போட, கொப்பி மட்டும் மேசைல தனியக் கிடந்தது.

2024 ஆவணில ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ரெண்டு கலியாணப் பொம்பிளையளின்ர புக்கிங் ஒண்டா விழுந்திட்டு. ரெண்டு பேருக்கும் காலமை முகூர்த்தம், ரெண்டு பேரையும் விடிய நாலரைக்கு வரச் சொல்லியிருக்கு. ஒண்டு நான் கொப்பில எழுதினது, மற்றது என்னோட வேலை செய்யிற பிள்ளை வட்ஸ்அப்பில ஓம் எண்டு போட்டிட்டு கொப்பில ஏத்தாமல் விட்டது. அவளில பிழை சொல்ல ஏலாது, அந்த நேரம் அவளின்ர ரெண்டு கையிலயும் ஹெயார் கலர். வியாழன் பின்னேரம் ஒரு தாய் கோல் எடுத்து "பிள்ளை, கூறை மாத்தேக்கயும் நீங்கள்தானே நிப்பீங்கள்" எண்டு கேட்டாப் பிறகுதான் எனக்கு விஷயமே தெரியும். கொட்டாஞ்சேனைல பிரைடல் (கலியாணப் பொம்பிளை அலங்காரம்) செய்யிற என்ர சிநேகிதியைக் கெஞ்சி அனுப்பி அந்தக் கலியாணம் நல்லபடியா நடந்தது, ஆனா நான் வரமாட்டன் எண்டு சொன்னோடன அந்த அம்மா ஃபோனில ஒண்டுமே கதைக்காமல் நிண்டவ, அது இண்டைக்கும் என்ர காதில இருக்கு. அண்டிரவுதான் முடிவெடுத்தன், இனிக் கொப்பி சரிவராது எண்டு.

அண்ணான்ர மகன் இங்க கொழும்பிலதான் கம்ப்யூட்டர் படிக்கிறான். அவனைக் கூப்பிட்டு ஒரு நல்ல சொஃப்ட்வெயார் பார்த்துத் தா எண்டன். அவன் லப்டொப்பைத் திறக்கவே இல்லை. "மாமி, முதல்ல ரெண்டு கிழமைக்கு ஆர் ஆர் என்னத்துக்கு எப்பிடிக் கேக்கினம், உண்மையா எவ்வளவு நேரம் போகுது எண்டு எழுதுங்கோ, மிச்சத்தைப் பிறகு பாப்பம்" எண்டான். எனக்கு உண்மையில கோவம்தான் வந்தது, நான் அவசரத்தில நிக்கிறன், இவன் வீட்டுவேலை தாறான் எண்டு. ஆனா அந்த ரெண்டு கிழமை எழுதினதுதான் பேந்து என்னைக் காப்பாத்தினது, அதை எழுதாமல் போயிருந்தா வடிவான படத்தைப் பார்த்து ஏதோ ஒண்டுக்குக் காசு கட்டியிருப்பன்.

என்ன தெரிஞ்சது எண்டா, நூலால புருவம் எடுக்கிற த்ரெடிங்குக்கு ஒருத்தரும் புக் பண்ணுறேல்ல, ஒஃபிஸ் விட்டு பஸ்ஸால இறங்கி வருவினம், இருந்திட்டு செய்துகொண்டு போவினம், அதை ஒன்லைனில போடவே தேவையில்லை. ஹெயார் கலருக்கு ரெண்டு மணித்தியாலம் எண்டு நான் கொப்பில அடைச்சு வைப்பன், ஆனா கலரைப் பூசிப்போட்டு ஊற விடுற முப்பது நாப்பது நிமிசம் எங்கட கை சும்மாதான் இருக்கும், அந்த நேரத்துக்குள்ள இன்னொரு ஹெயார் கட் முடிச்சிடலாம். அப்ப எனக்குத் தேவையான சொஃப்ட்வெயாருக்கு அந்த இடைவெளி விளங்கோணும். அதோட கதிரை ரெண்டு இருந்தாலும் பேசின் ஒண்டுதான், ஒரே நேரத்தில ரெண்டு பேருக்குத் தலை கழுவ ஏலாது, அதால ஆள் மட்டுமில்லை, பேசினையும் அறையையும் கூட ஒரு ஆள் மாதிரி புக் பண்ணத் தெரியோணும். இன்னொண்டு, புதுசா கலர் பண்ண வாறவைக்கு 48 மணித்தியாலத்துக்கு முதல் காதுக்குப் பின்னால கொஞ்சம் பூசி அலர்ஜி பாக்கிறது எங்கட வழக்கம், அப்ப நாளைக்குக் கலர் வேணும் எண்டு இண்டைக்கு ஒருத்தர் புக் பண்ண ஏலாமல் இருக்கோணும். இது எல்லாத்தையும் ஒரு பேப்பரில எழுதி வச்சுக்கொண்டுதான் தேடத் தொடங்கினம்.

முதல்ல பார்த்தது கலெண்ட்லி. எல்லாரும் சொல்லுற பேர், பாவிக்கவும் லேசு. ஆனா அதின்ர இலவசத் திட்டத்தில ஒரே ஒரு வகை அப்பொயின்ட்மென்ட்தான் போடலாம், மற்றது அது மீட்டிங் வைக்கிற ஆக்களுக்கு எண்டு யோசிச்சுச் செய்தது, ஒரு கன்சல்டனுக்கோ டியூஷன் குடுக்கிற டீச்சருக்கோ அருமையா இருக்கும், பேசினைப் பற்றி அதுக்கென்ன கவலை. கால் டொட் கொம் எண்டு ஒண்டு இருக்கு, அப்ப அது ஓப்பன் சோர்ஸ், அதாவது அதின்ர கோட் எல்லாருக்கும் திறந்திருந்தது, மருமகனுக்கு அதில சரியான ஆசை, தானே சேர்வர் எடுத்துப் போட்டுத் தாறன் எண்டான். நான் வேண்டாம் எண்டிட்டன். அவன் படிச்சு முடிச்சு வெளிநாடு போனா அந்தச் சேர்வரை ஆர் பார்க்கிறது? பாலரை நான்தான் திறந்து பூட்டோணும், எனக்கு விளங்காத பூட்டு எனக்கு வேண்டாம்.

அடுத்தது காசு, இதிலதான் இலங்கைல இருக்கிற எங்களுக்கு நிறையக் கதவு பூட்டி இருக்கு. பிரைடலுக்கு அட்வான்ஸ் வாங்காமல் நாள் குடுக்க மாட்டன், அதால புக்கிங்கோடயே காசும் வந்தா நல்லம் எண்டு யோசிச்சன். வெளிநாட்டு சொஃப்ட்வெயார் முக்கால்வாசியும் ஸ்ட்ரைப், ஸ்குவேர், பேபால் எண்டு ஒன்லைனில காசு வாங்கித் தாற இந்த மூண்டு சேவையிலதான் நிக்குது. ஸ்ட்ரைப்பில இலங்கைக் கடைக்கு கணக்குத் திறக்க ஏலாது, ஸ்குவேர் இஞ்ச இல்லவே இல்லை, நான் தேடின நேரம் பேபாலில இஞ்ச இருந்து காசு அனுப்பலாம், வாங்க ஏலாது. பேஹியர் மாதிரி ஒன்லைனில காசு வாங்கித் தாற எங்கட நாட்டு கேட்வே இருக்கு, ஆனா அதை அந்த சொஃப்ட்வெயாரோட பொருத்த ஆள் பிடிக்கோணும். கடைசியா நான் கண்ட வழி சிம்பிள்: பிரைடல் புக்கிங் உடன உறுதியாகாது, "கேட்டிருக்கினம்" எண்டு மட்டும் எனக்கு வரும், அவை பேங்க் அப்பால அட்வான்ஸ் போட்டு ஸ்லிப்பை வட்ஸ்அப்பில அனுப்ப, நான் கணக்கில காசைப் பார்த்திட்டு ஓம் எண்டு அமத்துவன். எங்கட சனத்துக்கு இந்த ஸ்லிப் அனுப்புற பழக்கம் ஏற்கனவே இருக்கு, புதுசா ஒண்டும் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை. அப்ப நான் தேடுறதில "ஓனர் சம்மதிச்சாத்தான் உறுதி" எண்ட செற்றிங் கட்டாயம் இருக்கோணும், ஒன்லைன் பேமென்ட் இல்லாட்டியும் பரவாயில்லை எண்டு வந்திட்டு. இப்பிடி ஒண்டை விட்டுக்குடுத்த உடன தெரிவு செய்ய நிறைய இருந்தது.

நாங்கள் கட்டுற காசும் யோசிக்க வேண்டிய விஷயம்தான். 2022 தொடக்கத்தில 200 ரூபாய் மட்டில இருந்த டொலர் அந்த வருசம் நடுவில 360 மட்டும் போனதை ஆரும் மறந்திருக்க மாட்டினம். நான் வாங்கேக்க 300 கிட்ட நிண்டது. "ஆளுக்கு மாசம் இவ்வளவு டொலர்" எண்டு போட்டிருந்தா முதல்ல மூண்டால பெருக்குங்கோ, பேந்து ரூபாயாக்குங்கோ, பேந்து கார்ட்டில பேங்க் வெட்டுறதையும் சேருங்கோ. ஒரு மாசத்துக் கட்டணம் எத்தினை த்ரெடிங்குக்குச் சமன் எண்டு நான் கணக்குப் பார்த்தன். வருசக் காசை ஒண்டாக் கட்டினா குறையும் எண்டாலும் முதல் நாலு மாசம் மாசாமாசம்தான் கட்டினன்.

நேரக் கணக்குக் கதை சொல்லாமல் விட ஏலாது. என்ர பிரைடல் ஆக்களில அரைவாசிக்கு மேல வெளிநாட்டுப் பிள்ளையள், டொரொண்டோ, லண்டன். அவையோட முதல் வீடியோவில கதைக்கிறது, பேந்து இஞ்ச வந்தோடன மேக்கப் போட்டுப் பாக்கிற ட்ரயல். ஒரு சொஃப்ட்வெயாரை ட்ரயல் பார்த்துக்கொண்டிருக்கேக்க டொரொண்டோல இருக்கிற ஒரு தங்கச்சிக்கு லிங்கை அனுப்பி, பாலருக்கு வாற ஒரு நேரத்தைத் தெரிவு செய்யுங்கோ எண்டன். அது அவவின்ர ஃபோனில இருக்கிற நேரத்துக்கு மாத்திக் காட்டியிருக்கு, எங்கட காலமை ஏழு மணி அவவுக்கு முதல் நாள் இரவு ஒன்பதரை எண்டு. "அக்கா, இரவிலயா பாலர் திறப்பீங்கள்" எண்டு கேக்கிறா. வீடியோக் கோலுக்கு அப்பிடி மாத்திக் காட்டோணும், ஆனா நேர வாற அப்பொயின்ட்மென்டுக்கு ஆர் எங்க இருந்து பார்த்தாலும் கொழும்பு நேரம்தான் தெரியோணும். இந்த ரெண்டையும் வெவ்வேறயா செற் பண்ண விடுறதுகளும் இருக்கு, விடாததுகளும் இருக்கு, காசு கட்ட முதல் இதைக் கட்டாயம் செய்து பாருங்கோ. அதோட டொரொண்டோல நவம்பர் தொடக்கத்தில மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளுவினம், ஒன்பதரை மணித்தியால வித்தியாசம் பத்தரை ஆகிடும், இதைக் கொப்பில நானா எழுதின காலத்தில எத்தினை கோல் தவறியிருக்கு. எங்கட நாடே 1996ல நேரத்தை மாத்தி 2006 ஏப்ரல்லதான் திரும்ப கிரீன்விச் நேரத்தை விட ஐஞ்சரை மணித்தியாலம் கூடின பழைய நேரத்துக்கு வந்தது, பழைய நேரமோ புது நேரமோ எண்டு வீட்டில அம்மாவையள் கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கு, அதால எனக்கு இதில கொஞ்சம் பயம் கூட.

மொழிக்கு வாறன். எனக்கு வாற ஆக்கள் தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூண்டும் கலந்தவை. புக்கிங் பக்கம் முழுக்கத் தமிழில வாற மாதிரி ஒண்டும் எனக்கு அம்பிடேல்ல, ஆனா சேவையின்ர பேர், விளக்கம், நினைவூட்டல் மெசேஜ் இதுகளை நாங்களே எழுதலாம், அதில தமிழையும் சிங்களத்தையும் போட்டன். எஸ்.எம்.எஸ்ஸில ஒரு விஷயம் தெரியாமல் காசு விட்டிடாதேங்கோ. இங்கிலீஷில ஒரு எஸ்.எம்.எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழில எழுதினா 70தான், அதுக்கும் மேல போனா ரெண்டு மூண்டா உடைச்சு ஒவ்வொண்டுக்கும் காசு எடுக்கும். அதிலயும் எழுத்துக்கு மேல போடுற குத்து, கொம்பு எல்லாம் தனித்தனியா எண்ணுப்படும், "வெள்ளவத்தை" எங்கட கண்ணுக்கு ஆறு எழுத்து, மெசேஜுக்குப் பத்து. நான் முதல் எழுதின வணக்கத்தோட கூடின நீட்டு மெசேஜ் மூண்டாப் போனது. இப்ப பேர், நாள், நேரம், வர ஏலாட்டி சொல்லுங்கோ, அவ்வளவுதான்.

பஞ்சாங்கமும் கடைக்குள்ள இருக்கு. மருமகன் விடுமுறை நாள் எண்டு போயா (பௌர்ணமி) நாள் எல்லாத்தையும் பூட்டி வச்சிட்டான், நான் திறக்கச் சொன்னன், போயாவுக்கு ஒஃபிஸ் இல்லை, அண்டைக்குத்தான் எங்கட கதிரை நிறையும். செவ்வாய், வெள்ளில தமிழ் ஆக்கள் முடி வெட்ட வரமாட்டினம், சிங்கள ஆக்கள் வருவினம், அப்ப அந்த நாளில ஒரு ஆள் போதும். ஆடில கலியாணம் இல்லை, ஆனா அதே மாசம்தான் வெளிநாட்டுப் பிள்ளையள் லீவில வந்து ஆவணிக் கலியாணத்துக்கு ட்ரயல் செய்யிறது. இதெல்லாம் ஒவ்வொரு நாளுக்கும் வெவ்வேற நேரம் போட விடுற சொஃப்ட்வெயாரில மட்டும்தான் நடக்கும்.

கடைசியா எடுத்தது சலூனுக்கெண்டே செய்த ஒண்டு. பேர் சொல்லேல்ல, ஏனெண்டா என்ர பேசினுக்குப் பொருந்தினது உங்கட டென்டல் கிளினிக்குக்குப் பொருந்தாது. அதுக்கு முதல் ரெண்டை 14 நாள் ட்ரயலில ஓடவிட்டுப் பார்த்தது. அதில ஒண்டைக் கழிச்சதுக்கு ஒரே காரணம், வாடிக்கையாளர் லிஸ்ட்டை நான் திரும்ப இறக்கி எடுக்க வழி இல்லை. பதினொரு வருசமா சேர்த்த நம்பர் அதுகள், நான் விலகினா என்னோட வரோணும். அதோட 2022ல தனிப்பட்ட தரவு பாதுகாப்புச் சட்டம் எண்டு 9ம் இலக்கச் சட்டம் ஒண்டு வந்திருக்கு, ஆக்களின்ர விபரத்தை வச்சிருக்கிற எங்களுக்கும் பொறுப்பு இருக்கு, அதால நான் பேர், நம்பர் மட்டும்தான் கேக்கிறன், பிறந்த திகதி, அட்ரஸ் கேக்கிற பெட்டியெல்லாம் எடுத்துப் போட்டன்.

கார்த்திகைல தொடங்கினம். முதல் கிழமை கொப்பியும் சொஃப்ட்வெயாரும் ரெண்டும் ஓடினது, அதுதான் கஷ்டமான கிழமை, பேந்து ஒரு ஞாயிறு இரவு கொப்பியை அலுமாரில வச்சுப் பூட்டினன். இனி ஆர் கேட்டாலும், கோலோ வட்ஸ்அப்போ, ஃபோனில அப்பைத் திறந்து அதில போட்டாப் பிறகுதான் ஓம் எண்டு சொல்லுறது, இந்த ஒரு சட்டம்தான் நாங்கள் மூண்டு பேரும் வச்சது. லிங்கைக் குடுத்தா எல்லாரும் தாங்களே புக் பண்ணுவினம் எண்டு நினைச்சிருந்தன், அப்பிடி இல்லை, வயது போன அம்மாக்கள் இண்டைக்கும் கோல்தான், அவைக்கு நாங்கள் போடுறம், அவைக்கு ஒரு நாளும் லிங்க் அனுப்புறேல்ல.

ஒவ்வொரு இரவும் அடுத்த நாள் லிஸ்ட்டை பேர், நம்பரோட பிரின்ட் எடுத்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில ஒட்டுறன். மருமகன் எதுக்கு மாமி பேப்பர் எண்டு கேட்டவன். 2025 பெப்ரவரி 9, ஞாயிறு, காலமை பதினொரு மணி போல நாடு முழுக்கக் கரண்ட் போச்சு. வைஃபை போச்சு, கொஞ்ச நேரத்தால ஃபோனிலயும் நெட் ஊரத் தொடங்கிச்சு. பின்னேரம் ஒரு ரிசெப்ஷன் பொம்பிளை, அதுக்கு முதல் ஐஞ்சு பேர். பேப்பரைக் கையில வச்சுக்கொண்டு ஒவ்வொரு நம்பரா கோல் எடுத்து, நாலு பேரை வேற நாளுக்கு மாத்தி, ஒருத்தருக்கு வெளிச்சத்தோட ஹெயார் கட் மட்டும் செய்து, பொம்பிளையை முன் பல்கனிக்குப் பக்கத்தில இருத்தி மேக்கப் முடிச்சு, முடி சுருட்டுறதுக்கு மட்டும் கீழ் கடைக்காரரின்ர ஜெனரேட்டரில இருந்து ஒரு வயர் இழுத்தம். ஐஞ்சரைக்கு அவ காரில ஏறினா. அந்த நாலு பேரின்ர புது நேரத்தையும் பேனையால பேப்பரிலதான் எழுதி வச்சிருந்தன், கரண்ட் வந்தோடன என்னோட வேலை செய்யிற பிள்ளை இருந்து ஒவ்வொண்டா அப்பில ஏத்தினவள்.